சுவரில்லாத வீட்டில் ஒரு பகல்

என் பொறுப்பில் எழும்பிய முதல் வீட்டில், சுவர் வைப்பதற்கு முன்பே ஒரு சாவு விழுந்துவிட்டது.

நான் பழவேற்காட்டுக்காரி. வாப்பாவுக்குக் கடைத்தெருவில் வலைக்கயிறும் மிதவையும் விற்கும் கடை. சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு, சென்னையில் அடுக்குமாடி கட்டும் இடங்களில் மேற்பார்வை வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வருஷப் புயல் ஏரியோரக் குப்பங்களைத் துடைத்துப் போட்டது. வெள்ளம் ஏறாத வீடுகள் கட்டித் தருவதாக ஒரு தொண்டு நிறுவனம் வந்தது. ஏரியையும் இந்த ஜனங்களையும் தெரிந்த ஆள் வேண்டுமென்றார்கள். ஊருக்கே திரும்பினேன்.

தோணிரேவைத் தாண்டி இருந்த ஒரு சிறிய குப்பம் எனக்கு ஒதுக்கப்பட்டது. வீட்டின் வடிவம் எளிமையானது. ஆள் உயரத்துக்கும் மேலே தூண்கள். அதன்மேல் தளம், தளத்தின்மேல் ஒரு அறையும் சமையலறையும். கீழே திறந்த வெளி. அங்கே வலை, இன்ஜின், ஐஸ் பெட்டி வைத்துக்கொள்ளலாம். தண்ணீர் வந்தால் கீழே புகுந்து வெளியே போய்விடும்.

முதல் வீடு ஒரு விதவைக்கு என்று நிறுவனம் முடிவு செய்தது. நான் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள். பள்ளிக்கூடம் போகும் ஒரு பெண் குழந்தை. புருஷன் புயலன்று படகை இழுத்துக் கட்டப் போனவன். தண்ணீர் வடிந்தபின் சேற்றில் கிடைத்தான். குடிசை நின்ற இடத்தில் அடுப்புக் கல் மட்டும் மிஞ்சியிருந்தது.

ஊர்த் தலைவருக்கு அந்த முடிவு பிடிக்கவில்லை. எழுபதை நெருங்கியவர், மூச்சு இரைப்புக்காரர். மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, ஆம்பள இல்லாத ஊட்டுக்கு முதல்ல இன்னாத்துக்கு? தொழிலுக்குப் போறவன் நனைஞ்சிகினு கீறான். அவனுக்குக் கட்டிட்டு அப்பறமா கட்டேன்."

"விதவைங்களுக்குத்தான் முதல்லனு மேல சொல்லிட்டாங்க, ஐயா."

"மேலனா யாரு? அவங்களுக்கு இந்த ஏரி தெரியுமா?"

அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. அந்தப் புயலில் கழுத்தளவு தண்ணீரில் நின்று பிள்ளைகளைப் படகில் ஏற்றிவிட்டவர் அவர்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் அக்காவுக்கு அவரோடு பேச்சே கிடையாது. காரணம் பாடு. ஏரியில் இறால் அதிகம் விழுகிற இடங்கள் சில உண்டு. எந்தக் குடும்பம் எந்த நாளில் அங்கே வலை போடுவது என்று ஊர் கூடி முறை வைத்துக்கொள்வார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். அது ஆண்களுக்கு மட்டும்தான். புருஷன் செத்த பிறகு, அவன் முறையில் தன் தம்பியை வைத்து வலை போட்டுக்கொள்கிறேன் என்று அக்கா கேட்டிருக்கிறாள். தம்பி வேறு ஊர் ஆள், அவளுக்கு மகன் கிடையாது என்று தலைவர் மறுத்துவிட்டார். அதிலிருந்து அவள் இடுப்பளவு தண்ணீரில் குனிந்து கையால் இறால் தடவிப் பிடித்து, ஷேர் ஆட்டோவில் பொன்னேரிக்குக் கொண்டுபோய் விற்று வந்தாள். விரல்கள் எப்போதும் வெளுத்து, ஊறிப்போய் இருக்கும்.

அஸ்திவாரம் தோண்டும்போது தினமும் வந்து நின்று பார்ப்பாள். சந்தோஷமாகத் தெரியவில்லை. "இவ்ளோ ஒசரத்துல நான் இன்னா பண்ணப் போறேன்?" என்று ஒருமுறை கேட்டாள்.

தூண்கள் எழுந்து, தளத்துக்குக் கான்கிரீட் போட்டு முடித்த வாரத்தில் மறுபடியும் மழை பிடித்துக்கொண்டது. தளத்துக்கு அடியில் சவுக்குக் கட்டைகளை முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தோம். கான்கிரீட் முழு பலம் பெறும்வரை அந்தக் கட்டைகளைப் பிரிக்கக் கூடாது. மேலே சுவருக்கான சிமெண்ட் மூட்டைகளை ஏற்றி, தார்ப்பாய் போட்டிருந்தோம்.

புயல் எச்சரிக்கை வந்த காலையில் தார்ப்பாயை இறுக்கிக் கட்டலாம் என்றுதான் போனேன். பெரும்பாலானவர்கள் முந்தின நாளே, முகாம் போட்டிருந்த பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டிருந்தார்கள். படகையும் வலையையும் விட்டுப் போக மனசில்லாதவர்கள் தங்கிவிட்டார்கள். அக்காவும் மகளோடு தங்கியிருந்தாள். போன தடவை எல்லாவற்றையும் இழந்தவர்கள், அவர்களை என்ன சொல்வது? நான் போய்ச் சேர்ந்த சிறிது நேரத்தில் பின்னாலிருந்த பாதை முழுகிவிட்டது. ஆரணியாற்றுத் தண்ணீர் ஏரிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. முகத்துவாரம் மணல் மூடிக் கிடந்ததால் கடலுக்குப் போக வழியில்லை. அலை எதுவும் இல்லாமல், சத்தமே இல்லாமல் தண்ணீர் ஏறியது. முதலில் அடுப்பங்கரை, பிறகு கட்டில், பிறகு கூரை ஓலையின் விளிம்பு.

குப்பத்தில் உயரமாக இருந்தது அந்தத் தளம் ஒன்றுதான். நாங்கள் படிக்கட்டு கட்டும் வேலையையே ஆரம்பிக்கவில்லை. சாரக் கட்டையில் கட்டிய ஏணி ஒன்று இருந்தது. அதில் ஒவ்வொருவராக ஏறினார்கள். அக்காதான் மேலே மண்டியிட்டு உட்கார்ந்து கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். கைக்குழந்தைகள், ஒரு ஆட்டுக்குட்டி, வலை மூட்டைகள், அரிசிப் பை. நான் தூண் தூணாகப் போய், "நடுவுல உக்காராதீங்க. தூண் ஓரமா, பீம் மேல உக்காருங்க" என்று கத்திக்கொண்டிருந்தேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? கீழே முட்டுக் கட்டைகள் தண்ணீரில் அசைந்து ஒன்றோடொன்று இடிக்கும் சத்தம் எனக்கு மட்டும் தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு கட்டை கழன்று மிதந்து போவதைப் பார்த்தேன். பிறகு இன்னொன்று.

தலைவர் வரவில்லை. கோயில் மேடையில் நின்றுகொண்டிருந்தார். மகன்கள் இரண்டு பேரும் அவரைச் சுற்றி நின்று கெஞ்சுவது இங்கிருந்து தெரிந்தது. மேடைக்கு மேல் தண்ணீர் ஏறி அவர் முழங்காலைத் தொட்டபோது, தூக்காத குறையாக அவரை இழுத்து வந்தார்கள். ஏணிக்கு அடியில் வந்து மறுபடியும் நின்றுவிட்டார்.

"ஏறு நைனா," என்றான் மூத்தவன்.

அவர் மேலே பார்த்தார். மேலே அக்கா.

"ஏறு மாமா. கீழ நின்னுகினு யாருக்கு வீம்பு காட்டற?" என்று கையை நீட்டினாள்.

அவர் அந்தக் கையைப் பிடித்துத்தான் ஏறினார். மேலே வந்ததும், தளத்துக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த தூண் கம்பியில் சாய்ந்து உட்கார்ந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு விசில் மாதிரி வந்தது. மூச்சுக்கு இழுக்கும் மருந்து வீட்டோடு போய்விட்டது. அவர் மனைவி பேரப் பிள்ளைகளோடு முந்தின நாளே பள்ளிக்கூடம் போய்விட்டிருந்தாள். போனில் சிக்னல் இல்லை. வாடைக்காற்று தார்ப்பாயை அடித்துக்கொண்டே இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அக்கா அவருக்கு எதிரில் போய்க் குந்தினாள். அவள் தண்ணீர் கொடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். கொடுத்தாள். கொடுத்துவிட்டுச் சொன்னாள்:

"பாடு முறைல என் பேரு இல்லனு சொன்ன. இப்ப நீ குந்திகினு கீறது என் ஊடு."

எல்லோர் காதிலும் விழுந்தது. மூத்த மகன் எழப் போனான், தலைவர் அவன் முழங்காலில் கை வைத்து நிறுத்தினார்.

"தெரியும்மா," என்றார். பேச முடியாமல் நிறுத்தி நிறுத்திப் பேசினார். "நான் ஒருத்தன் சொல்லி அது மாறாது. சொன்னாலும் ஒத்துக்க மாட்டானுங்க."

"நீ சொல்லிப் பாத்தியா?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா எழுந்து மகளிடம் போய்விட்டாள்.

மதியத்துக்குள் அவர் போய்விட்டார். சின்ன மகன்தான் முதலில் கவனித்தான். "நைனா, நைனா" என்று தோளைக் குலுக்கினான். தலை பக்கவாட்டில் சரிந்தது. பெண்கள் அழ ஆரம்பித்தார்கள். அந்த மழையில் அழுகைகூட தூரம் போகவில்லை. சாவுச் சேதிக்குச் சொல்லும் இன்னா லில்லாஹியை நான் வாய்க்குள் சொன்னேன். சாவு வீட்டுக்கு நான் போயிருக்கிறேன். சாவோடு ஒரே தளத்தில், இறங்க வழியில்லாமல் உட்கார்ந்தது அதுவே முதல்முறை.

உடலைக் கிடத்த இடம் வேண்டியிருந்தது. காலியாக இருந்த ஒரே இடம், யாரும் உட்காரக் கூடாது என்று நான் ஒதுக்கி வைத்திருந்த நடுத்தளம்தான். மகன்கள் என்னைப் பார்த்தார்கள். நான் தலையசைத்தேன். அங்கே கிடத்தினார்கள். போர்த்தத் துணி எதுவும் உலர்ந்ததாக இல்லை. தார்ப்பாயை எடுத்தால் குழந்தைகள் நனையும். அக்கா இரண்டு சிமெண்ட் மூட்டைகளைப் பிரித்து, சிமெண்டைத் தண்ணீரில் கொட்டிவிட்டு, சாக்குகளைக் கிழித்து விரித்துக் கொண்டுவந்தாள். அவள்தான் போர்த்தினாள். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. கால் விரல்கள் வெளியே தெரிந்தன. குனிந்து இழுத்து மூடினாள்.

அந்தப் பகல் முழுக்க அப்படியே உட்கார்ந்திருந்தோம். குழந்தைகள் பசியில் அழுதன. அரிசி இருந்தது, தீ இல்லை. ஒரு பெண் ஊறிய அரிசியைக் கையில் வைத்துப் பிள்ளைக்கு ஊட்டினாள். மறைவுக்குப் போக வேண்டிய பெண்கள் தார்ப்பாயின் மூலையில் ஒருவரையொருவர் மறைத்து நின்றார்கள். தளம் தாங்கியது. எத்தனை கட்டைகள் கீழே மிச்சம் இருந்தன என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

வெளிச்சம் மங்குவதற்கு முன் மீட்புப் படகு வந்தது. உயிரோடு இருப்பவர்கள் முதலில் என்றார்கள். மகன்கள் இரண்டு பேரும் தகப்பனோடு தங்கிவிட்டார்கள். அக்காவும் மகளும் என்னோடு படகில் ஏறினார்கள். பழவேற்காட்டில் வாப்பா கரையிலேயே நின்றிருந்தார். அன்று அக்காவும் குழந்தையும் எங்கள் வீட்டில் தங்கினார்கள். உம்மா கஞ்சி கொடுத்தார். அக்கா குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கழுவி வைத்தாள். அதன்பிறகு என்னிடம் கேட்டாள்: "நான் அப்படிக் கேட்டதால போய்ட்டாரா?"

"இல்லக்கா. அவருக்கு மூச்சு."

"கேட்டிருக்கக் கூடாதா?"

நான் குழந்தைக்குப் பாய் விரித்தேன். கேட்கக் கூடாதென்று எனக்குத் தோன்றவில்லை. அதை எப்படிச் சொல்வதென்றும் தெரியவில்லை.

தண்ணீர் வடிந்தபின் சென்னையிலிருந்து பொறியாளர்கள் வந்து தளத்தைத் தட்டிப் பார்த்து, சோதித்து, பலமாகத்தான் இருக்கிறது என்றார்கள். ஊர் வேறு மாதிரி பேசியது. பால் காய்ச்சுவதற்கு முன்பே சாவு விழுந்த வீடு, அதுவும் ஊர்த் தலைவர் சாவு, அங்கே குடியிருந்தால் விளங்காது என்றார்கள். நிறுவனம் வேறு இடத்தில் கட்டித் தருவதாகச் சொன்னது. அக்காவுக்குப் பட்டா இருந்தது அந்த மண் ஒன்றுக்குத்தான். "வேற எங்க போவேன்? அங்கியே சுவர வைங்க," என்றாள். சுவர் வைத்தோம். அவள் பந்தலும் போடவில்லை, யாரையும் கூப்பிடவும் இல்லை. ஒரு காலையில் பாத்திரங்களைத் தலையில் சுமந்துகொண்டு படியேறிப் போய்விட்டாள்.

அடுத்த பாடு முறை வைக்க ஊர் கூடியது. தலைவரின் மூத்த மகன்தான் இப்போது முன்னால் உட்கார்ந்திருந்தான். அக்காவின் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அவனும் எடுக்கவில்லை. கூட்டம் கலைந்தபின் அவள் வீட்டுப் படியில் ஒரு கூடை இறாலை வைத்துவிட்டுப் போனான். அவள் அதைத் தொடவில்லை. காக்கைகள் இழுத்துப் போட்டன.

இன்னும் சில வீடுகள் கட்டினோம். பிறகு பணம் வருவது நின்றது, நிறுவனம் வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டது. குப்பத்தில் பாதிக்கும் மேல் இன்னமும் ஓலையும் தகரமும்தான். நான் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு தொழிற்சாலைக் கட்டடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன்.

போன மழைக்காலத்துக்கு முன் ஒருநாள் அக்காவைப் பார்க்கப் போனேன். மகள் வளர்ந்திருந்தாள், ஜன்னலோரம் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். அக்கா டீ போட்டுக் கொடுத்தாள். வீடு சுத்தமாக இருந்தது. நடுவில், அவரைக் கிடத்திய இடத்தில், எதுவும் வைக்காமல் விட்டிருந்தாள்.

"இங்க பயமா இருக்காக்கா?" என்றேன்.

"செத்தவரு இன்னா பண்ணப் போறாரு?" என்றாள். பிறகு கேட்டாள்: "நீ அன்னிக்கு நடுவுல உக்காராதீங்கனு கத்தின இல்ல. இந்தத் தளம் எத்தினி பேரத் தாங்கும்?"

சொன்னேன். சுவரும் கூரையும் ஏறியபின் இன்னும் குறைவு என்றும் சொன்னேன். அவள் வெளியே குப்பத்தைப் பார்த்து, வாய்க்குள் எண்ணிக்கொண்டாள்.

"மழைனா கேக்காமலே எல்லாரும் இங்கதான் வராங்க. மூட்ட முடிச்சோட. கதவ நான் சாத்தறதில்ல. ஆனா நீ சொல்ற கணக்குக்கு மேல கீது ஜனம். மொத்த ஜனமும் வர்ற அன்னிக்கு யாரப் பாத்து ஏறாதனு சொல்றது?"

டீ ஆறிப் போயிருந்தது. பொன்னேரி போகும் ஷேர் ஆட்டோ ஹாரன் அடித்தது. அவள் அன்று பிடித்த இறால் கூடையைத் தூக்கிக்கொண்டு என் முன்னால் படியிறங்கினாள்.