வாய்வு என்று சொல்லிவைத்த வலி

எனக்கு மாரடைப்பு வந்தபோது நாற்பது வயதுகூட ஆகவில்லை. எங்கள் கிராமத்திலிருந்து சைக்கிள் மிதித்துப் போய் புதுச்சேரிப் பஞ்சாலையில் ஷிப்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் வேலை முடிந்து வரும்போது பெரிய மார்க்கெட் வாசலில் சுருண்டு விழுந்தேன். அங்கே மூட்டை தூக்குகிறவர்கள்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

ஊரில் வாய்வு என்று சொல்லிவைத்தேன். மாரடைப்பு பணக்காரர்களுக்கு வரும் வியாதி, எனக்கு வந்ததென்றால் சிரிப்பார்கள் என்ற பயம். கனமானது எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ரேஷன் அரிசி மூட்டையை மனைவி தலையில் சுமந்து வருவாள். நான் பக்கத்தில் வெறுங்கையோடு நடப்பேன். டீக்கடையில் இருப்பவர்கள் பார்ப்பது முதுகில் குத்தும்.

எண்பதுகளில் ஒரு டாக்டரம்மா ஊருக்கு வந்தார். பள்ளிக்கூட மைதானத்தில் எல்லாரையும் கூட்டி, கோலமாவால் ஊரை வரையச் சொன்னார். தெருக்கள், வீடுகள், சாராயக்கடை, தூரத்தில் பஸ் நிற்கும் இடம்.

“நெஞ்சுவலி வந்தவங்க ஊட்டு மேல ஒரு புளியங்கொட்டை வைங்க.”

யாரும் அசையவில்லை. என் மனைவி எழுந்தாள்.

“உக்காரு” என்று பல்லைக் கடித்தேன்.

“மறைச்சி இன்னா ஆவப்போவுது?” என்று சொல்லிக்கொண்டே போய் எங்கள் வீட்டின் மேல் கொட்டையை வைத்தாள்.

என் காது சுட்டது. எங்கள் ஆலை மேஸ்திரி, அதே தெருக்காரர், உரக்கச் சிரித்தார். “இன்னாப்பா, வாய்வுன்னு சொன்ன?”

அவர் மனைவி சட்டென்று திரும்பினாள். “நீ மட்டும் இன்னாவாம்? படிக்கட்டு ஏறுனா நெஞ்சப் புடிச்சிக்கினு உக்காந்துடுற!” அவளும் போய் ஒன்றை வைத்தாள்.

பிறகு நெஞ்சுவலியில் புருஷனைப் பறிகொடுத்தவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஆலைக்காரர்கள் வீடுகளும் சாராயக்கடையைச் சுற்றிய வீடுகளும்தான் கொட்டைகளால் நிறைந்தன. “ராத்திரியில வலி வந்தா ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவீங்க?” என்று டாக்டரம்மா கேட்டார். “விடியட்டும்னு இருப்போம்” என்றாள் ஒருத்தி.

வலி எனக்கு மட்டும் இல்லை என்று தெரிந்த பிறகும் என்னால் நிமிர முடியவில்லை. மனைவிக்காகக் காத்திராமல் வீட்டுக்கு நடந்தேன்.

அதன்பின் டாக்டரம்மா மாதாமாதம் பள்ளிக்கூடத்துக்கே வந்து பிரஷர் பார்த்தார். முதல் தடவை மேஸ்திரியும் நானும் துண்டால் முகத்தைத் துடைப்பதுபோல மறைத்துக்கொண்டு, அடுத்தடுத்து வரிசையில் நின்றோம்.