காதுக்குள் இறங்கிய தண்ணீர்

இருதயமேரி தெருவுக்குள் நுழைந்தால், நோஞ்சான் பிள்ளை வைத்திருக்கிறவள் கதவைச் சாத்திக்கொள்வாள். திண்டிவனத்துக்கு மேற்கே, மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே கிடந்த ஊர்களில் அவளுக்கு அப்படி ஒரு பேர். "எமன் ஊட்டுச் சம்பந்தி வரா பாரு" என்பார்கள். அவள் காதில் விழும்படியே சொல்வார்கள். அதே வீட்டில் பிள்ளைக்குக் கண் செருகி, வைத்தியரும் கையை விரித்துவிட்டால், சேரிக்கு ஆள் ஓடி வரும். "மேரிய ஜல்தியா வரச் சொல்லு!"

அவளிடம் ஓமத்தண்ணீர் இருந்தது, வசம்பு இருந்தது. ஊருக்குத் தெரிந்த மருந்து அவ்வளவுதான். இடுப்பில் செருகிய ஈரத்துணி எதற்கென்று ஒருவருக்கும் தெரியாது. சாகக் கிடக்கிற பிள்ளையின் நெற்றியில் ஜுரத்துக்குப் போடுவதுபோல அதைப் போடுவாள். உள்ளங்கைக்குள் வைத்துப் பிழிவாள். பிதா, சுதன், இஸ்பிரீத்துசாந்துவின் பேரால் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன் என்று வாய்க்குள்ளேயே முணுமுணுப்பாள். தாய்க்காரி தலைமாட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பாள். தன் பிள்ளை கிறிஸ்தவனாகிச் சாகிறது என்று அவளுக்குத் தெரியவே தெரியாது.

இதைக் கற்றுக்கொடுத்தவர் வெள்ளைக்காரச் சாமியார். ஒரே பேதியில் புருஷன் ராயப்பனையும் இரண்டு பிள்ளைகளையும் வாரிக் கொடுத்துவிட்டு, மாதா கோயில் வாசலில் மண்ணள்ளித் தூற்றிக்கொண்டிருந்தவளை அவர்தான் எழுப்பி உட்காரவைத்தார். "உன் பிள்ளைகள் மோட்சத்துக்கு உள்ளே போய்விட்டார்கள், மேரி. ஞானஸ்நானம் இல்லாமல் கதவுக்கு வெளியே நிற்கிற பிள்ளைகளை நினைத்துப் பார்" என்றார். புத்தகத் தமிழ்தான் பேசுவார். அந்தப் பேச்சு அவளைப் பிடித்துக்கொண்டது. ஒரு விதியும் சொன்னார்: "ஈரம் பட்டால் போதாது. தண்ணீர் ஓட வேண்டும். ஓடியதை நீ கண்ணால் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் சந்தேகம்."

அறுவடைக் கூலியை விட்டுவிட்டு ஊர் ஊராக நடந்தாள். சேரியிலிருந்து வந்து கோயிலில் மணியடிக்கிற கோயில்பிள்ளை சவுரிராயன் கேலி பண்ணுவான். "இன்னாக்கா, மோட்சத்துக்கு ஆள் புடிக்கிற மேஸ்திரி ஆயிட்டியா? தேயிலைத் தோட்டத்துக்குப் புடிக்கிறவனுக்காவது கமிசன் கீது."

"எங்க ரெண்டும் அங்க தனியா குந்திகினு கீதுங்கடா. வெளையாட தொணைக்கு அனுப்புறேன்" என்பாள்.

விஷக்காய்ச்சல் வந்த வருஷம், ஊரில் நிலம் வைத்திருந்த பெரியதம்பியின் கைக்குழந்தை பாஞ்சாலிக்கு நினைவு தப்பியது. மேரியை வீட்டுக்குள் விட முடியாதாகையால், பெரியதம்பி பெண்சாதி கெங்கம்மாள் பிள்ளையைத் தூக்கிவந்து மாட்டுக்கொட்டகையில் வைக்கோல்மேல் போட்டாள்.

"தொட்டுக்கோடி. இனிமே தீட்டு பாத்து இன்னா ஆவப்போவுது?"

மேரி தொட்டாள். துணியைப் பிழிந்தாள். தண்ணீர் நெற்றியில் விழுந்து, பொட்டோரமாக ஓடி, பிள்ளையின் காதுக்குள் இறங்கியது. கூச்சத்தில் பிள்ளை தலையை வெடுக்கென்று ஒரு உதறு உதறியது. செத்துப்போன தன் மகளின் பேரையே, சவுரியம்மாள் என்று, மனசுக்குள் வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

பொழுது விடிந்ததும் பிள்ளை பாலுக்கு அழுதது. ஊர் சந்தோஷப்பட்டது. பிழைத்தால் என்ன செய்வதென்று மேரி கேட்டு வைத்திருக்கவில்லை. சாமியாரிடம் ஓடினாள். "அவள் நம்முடையவள். இப்போது வாய் திறக்காதே. தூரத்திலிருந்து பார்த்துக்கொள்" என்றார் அவர்.

தூரத்திலிருந்து பார்த்தாள். கன்றுக்குட்டியை விரட்டிக்கொண்டு ஓடுகிற பாஞ்சாலியை வரப்போரம் நின்று பார்த்தாள். வைத்தியம் பார்த்த நன்றிக்காகக் கெங்கம்மாள் வருஷா வருஷம் மல்லாட்டை கொடுப்பாள். மேரியின் முந்தானையில் உயரத்திலிருந்து கொட்டுவாள். பிள்ளை கிட்டே வந்தால், "தொட்டுடாதடி, அப்புறம் தலை முழுவணும்" என்று அதட்டுவாள். மேரி சிரித்துக்கொள்வாள். அவள் தண்ணீர் ஊற்றிய பிள்ளைகளில் மண்மேல் நடந்துகொண்டிருந்தது இது ஒன்றுதான்.

பாஞ்சாலி தாவணி போட்டுவிட்டாள். ஹிட்லர் சண்டை முடிந்த சமயத்தில் பெரியதம்பிக்கும் பங்காளிகளுக்கும் கிணற்றுத் தகராறு முற்றியது. ஊர் அவரைத் தள்ளிவைத்தது. அம்பட்டன் இல்லை, வண்ணான் இல்லை. சாமியார்தான் விழுப்புரத்திலிருந்து வக்கீலைக் கூட்டிவந்து கேஸைத் தூக்கி நிறுத்தினார். கேஸ் ஜெயித்ததும் குடும்பத்தோடு கிறிஸ்தவ வேதத்தில் சேருகிறேன் என்றார் பெரியதம்பி. சாமியாருக்குக் கால் தரையில் பாவவில்லை. வந்த நாளாக அவரிடம் சேர்ந்தது சேரி ஜனம் மட்டும்தான். நிலம் வைத்திருக்கிற ஒரு வீடுகூட எட்டிப் பார்த்ததில்லை.

பெரியதம்பி கேட்டது ஒன்றே ஒன்று. "அவங்களோட கலந்து குந்த சொல்லாதீங்க, சாமி." கோயிலுக்குள் சேரி ஜனத்தைப் பிரித்துக் குறுக்கே மரக்கிராதி வந்தது. அதை ஆணியடித்து நிறுத்தியவன் சவுரிராயன்.

மேரிக்கு அந்தக் கிராதிகூடக் கண்ணில் படவில்லை. சந்தோஷத்தில் சாமியார் பங்களாவுக்கு ஓடினாள்.

"சாமி, பாஞ்சாலிக்கு மட்டும் ஊத்த வேணாம். நான்தான் அப்பவே ஊத்திட்டேனே! ஞாபகம் கீதா?"

சாமியார் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "இதைப் பெரியதம்பி கேட்டால் என்ன ஆகும், தெரியுமா? உன் கை பட்டுத் தன் மகள் வேதத்தில் சேர்ந்தாள் என்று அறிந்தால், குடும்பத்தோடு திரும்பிப் போய்விடுவான்."

"நான் ஏன் சொல்லப்போறேன்? அதுக்கு மட்டும் ஊத்தாம உட்டுடுங்க."

"எல்லாருக்கும் ஊற்றி அவளை விட்டுவிட்டால், ஏன் என்று கேட்பான்."

"ரெண்டு தபா ஊத்துனா பாவம்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சந்தேகம் இருந்தால் ஊற்றலாம்." அவர் குரலில் கோபம் இல்லை, கனிவாகத்தான் பேசினார். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. "அது மாட்டுக்கொட்டகை. இருட்டு. நீ பயந்திருந்தாய். தண்ணீர் ஓடியதை நிச்சயமாகப் பார்த்தாயா, மேரி?"

"காதுக்குள்ள எறங்குச்சு, சாமி. புள்ள தலைய உதறுச்சு."

"நன்றாக யோசி. நீ ஒரு வார்த்தை சொன்னால் ஒரு குடும்பம் கரையேறும். அதன் பின்னால் ஊரே வரும்."

மேரி யோசித்தாள். பாஞ்சாலிக்கு ஓடியதைப்போல அவ்வளவு தெளிவாக வேறு எந்தப் பிள்ளைக்கும் தண்ணீர் ஓடி அவள் பார்த்ததில்லை. இதுவே சந்தேகம் என்றால் மற்றதெல்லாம்? அதே துணி, அதே கை, அதைவிட இருட்டான மூலைகள். அந்தப் பிள்ளைகளெல்லாம் இத்தனை வருஷமாக எங்கே நின்றுகொண்டிருக்கின்றன? தன் இரண்டுக்கும் துணை என்று யார்தான் போய்ச் சேர்ந்தார்கள்?

சாமியார் காத்துக்கொண்டிருந்தார். தன்னை மண்ணிலிருந்து எழுப்பி உட்காரவைத்த மனுஷன்.

"சந்தேகந்தான், சாமி" என்றாள்.

ஞானஸ்நானத்தன்று கிராதிக்கு இந்தப் பக்கம், சேரி ஜனத்தோடு நின்றாள். சாமியார் பாஞ்சாலியின் நெற்றியில் ஊற்றி, தெரசம்மாள் என்று பேர் வைத்தார். தண்ணீர் பொட்டோரமாக ஓடிக் காதுக்குள் இறங்கியது. பெண் தலையை வெடுக்கென்று உதறினாள், அன்றைக்கு உதறிய அதே உதறு. மேரியின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது, இருமுவதுபோல மறைத்துக்கொண்டாள்.

பூசை முடிந்து வெளியே வரும்போது வாசல் நெரிசலில் பெண்ணின் தாவணி மேரிமேல் உரசியது. கெங்கம்மாள் மகளைப் பிடித்து இழுத்தாள். "தள்ளி வாடி, மேல படப்போவுது."

அடுத்த கோடையில் பேதி வந்தது. ஊரில் பிள்ளைகள் படுத்துவிட்டன என்று சவுரிராயன் ஓடி வந்தான். மேரி மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள்.

"சாமி ஒன்ன கூப்புடுறாரு. ஜல்தி, கெளம்புக்கா."

"கை நடுங்குதுடா. தண்ணி ஓடுச்சா இல்லையான்னு சந்தேகமா பூடும். சாமிகிட்ட அப்படியே சொல்லு."

"இன்னாக்கா பேசுற? புள்ளைங்க சாவுதுங்க!"

"அவரு கை நடுங்காது. அவரையே வந்து ஊத்தச் சொல்லு."

அந்தக் கோடை முழுக்க அவள் சேரியை விட்டு வெளியே போகவில்லை. எமன் வீட்டுச் சம்பந்தி இந்த வருஷம் கண்ணில் படவில்லை என்று ஊருக்கு நிம்மதியாக இருந்தது. பிள்ளைகள் எப்போதும்போலச் செத்தன.