கண்டக்டரம்மா போராட்டத்தில் தூங்கிய கதை

கண்டக்டரம்மாவுக்கு இந்த உலகத்தில் தனியாக இருக்கக் கிடைத்த இடம் குளியலறை ஒன்றுதான். அதிலும் முகத்துக்குச் சோப்புப் போட்ட நேரம் பார்த்து யாராவது வெளியே நின்று தொண்டையைச் செருமுவார்கள். இரண்டு அறை வீட்டில் மாமியார், புருஷன், மூன்று பிள்ளைகள், கோபித்துக்கொண்டு வந்து திரும்பிப் போகவே மறந்துவிட்ட நாத்தனார். வேலைக்குப் போனால் பஸ். படியில் தொங்குகிறவன், சில்லறை இல்லாதவன், இறங்கும் இடம் தாண்டியபிறகு விழித்துக்கொண்டு இவளைத் திட்டுகிறவன் என்று நாள் முழுக்க யாராவது ஒருவருடைய முழங்கை இவள் விலாவில் இருக்கும்.

அவளுடைய தம்பி மட்டும் ஆளே இல்லாத இடத்தில் இருந்தான். ஏதோ கைகலப்பில் ஜெயிலுக்குப் போனவன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பக்கத்துப் படுக்கைக்காரனைக் காவலர்கள் தலைகீழாகத் தொங்கவிட்டு அடித்ததைப் பார்த்துவிட்டு, நீதிபதி ஜெயிலைப் பார்வையிட வந்தபோது எழுந்து நின்று சொல்லித் தொலைத்தான். மறுநாளே தனி அறையில் போட்டார்கள். மழைக்காலம் போய், வெயில் போய், அடுத்த மழையும் வந்துவிட்டது. அந்த அறையிலிருந்து அவனை இன்னும் வெளியே விடவில்லை.

அதனால்தான் சனிக்கிழமை சாயங்காலமானால் கண்டக்டரம்மா ஜெயில் வாசலுக்கு எதிரே சாலையோரத்தில், ஒரு சின்னக் கூட்டத்தோடு மெழுகுவத்தி பிடித்து நிற்பாள். கோஷம் கிடையாது, கல் கிடையாது, சும்மா நிற்பார்கள். கூட்டத்தை நடத்திய வக்கீலம்மா ஒருநாள் புது யோசனை சொன்னாள். தம்பி இருக்கிற அறையின் அளவுக்கே பலகையில் ஒரு பெட்டி செய்து வாசலுக்கு எதிரே வைப்போம், ஒவ்வொருவராக உள்ளே உட்காருவோம், ஊர் பார்க்கட்டும்.

முதல் ஆளாகப் போனவள் கண்டக்டரம்மாதான். காலை ஷிப்ட் முடித்த களைப்பு வேறு. கதவைச் சாத்தினாள். முழங்கை இல்லை, சில்லறை இல்லை, நாத்தனார் இல்லை. அடடா, இப்படியும் ஒரு சுகமா! சுவரில் சாய்ந்தவள் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிவிட்டாள்.

பத்திரிகைக்காரன் ஒருவன் கதவிலிருந்த ஓட்டை வழியாகப் படம் எடுத்துவிட்டான். காலையில் ஊரெல்லாம் அவள் திறந்த வாய்தான். 'இதைத்தான் சித்திரவதை என்கிறார்கள்' என்று ஜெயில் அதிகாரி சிரித்துக்கொண்டே பேட்டி கொடுத்தார். தம்பியைத் தனி அறையிலிருந்து வெளியே விடச் சொல்லிப் போட்ட மனு விசாரணைக்கு வர இருந்தது. ஜெயில்காரர்கள் அதற்கு எழுதிய பதிலோடு அந்தப் படத்தையும் ஒட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

"இனிமே நான் என்னத்தைப் பேசுறது?" என்று வக்கீலம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள். கண்டக்டரம்மாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. தூங்கினது நாக்கு இல்லைதான், ஆனாலும்.

அந்த வாரம் தம்பியைப் பார்க்கப் போனாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் பேச்சே பழக்கமில்லாதவன் மாதிரி ஒவ்வொரு வார்த்தையாகத் தேடினான். காவலர்கள் படத்தை அவனிடமும் காட்டியிருந்தார்கள்.

"நல்லாத் தூங்கினியாக்கா?"

"செருப்பால அடிடா என்னை."

"அதில்லக்கா. அந்தப் பெட்டிக்குத் தாழ்ப்பாள் எந்தப் பக்கம்?"

"உள்ளேதான். ஏன்?"

"அதான் தூக்கம் வந்திருக்கு" என்றான். குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே சொன்னான். வெளியே வந்து பஸ் ஏறுகிறவரைக்கும் அவள் அழுதாள்.

அடுத்த சனிக்கிழமை தச்சரைக் கூப்பிட்டுத் தாழ்ப்பாளை வெளியே மாற்றச் சொன்னாள். கதவு ஓட்டையில் அட்டையை ஒட்டினாள். புருஷனைக் காவலுக்கு நிறுத்தினாள். அவன் ஒரு தனிப்பிறவி. பாலைப் பார்த்துக்கோ என்றால் பொங்கி வழிகிறவரைக்கும் பார்த்துக்கொண்டே நிற்பான்.

"நான் கத்தினாலும் அழுதாலும் திறக்கக் கூடாது. மெழுகுவத்தி எல்லாம் எரிஞ்சு முடியட்டும். பதிலும் பேசக் கூடாது, புரியுதா?"

"சரி" என்றான்.

முதலில் ஒன்றுமில்லை. முதுகு அரித்தது, சொறிந்துகொண்டாள். தாகமெடுத்தது. "ஏங்க, எவ்வளவு நேரமாச்சு?" என்றாள். பதில் இல்லை. வெளியே கூட்டம் வழக்கம்போல் மௌனமாக நிற்க ஆரம்பித்திருந்தது. உள்ளே இருந்தவளுக்கு அது எப்படித் தெரியும்? எல்லோரும் போய்விட்டார்கள் என்று தோன்றியது. தோன்றியதும் மூச்சு முட்டியது. நாத்தனார் குரலாவது கேட்டால் தேவலை என்றிருந்தது. பலகையை இரண்டு கையாலும் தட்டினாள், உதைத்தாள்.

கதவு உடனே திறந்தது. வேர்த்து விறுவிறுத்து, அவிழ்ந்த தலையோடு வெளியே விழுந்தவள் எதிரே நின்ற புருஷனின் சட்டையைப் பிடித்தாள். மெழுகுவத்திகள் பாதிகூட எரிந்திருக்கவில்லை.

"யோவ், திறக்காதேன்னு சொன்னேன்ல? ஏன் திறந்தே?"

"நீ தட்டினியே" என்றான் அவன். "உள்ளே ஆள் தட்டினா திறக்க வேணாமா?"

பத்திரிகைக்காரன் கேமராவைத் தூக்கியவன் தூக்கியபடியே நின்றான். கண்டக்டரம்மா சட்டையை விடவில்லை. ஜெயில் மதிலைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"என்கிட்ட சொல்லாதே. அங்கே போய்ச் சொல்லு."

சொன்னதைச் செய்கிற மனுஷன் அல்லவா? மெழுகுவத்தியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்து போனான். பக்கத்து வீட்டில் சாவி கேட்கப் போகிறவன் மாதிரி, அந்தப் பெரிய இரும்புக் கதவை விரல் முட்டியால் மெல்லத் தட்டினான். காத்திருந்தான். யாரும் திறக்காததால் மறுபடியும் தட்டினான்.