என் அக்கா, செலினுக்கும் அக்கா

அக்கா இறைவனில் இளைப்பாறத் தொடங்கி ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றி நல்லதை மட்டும் எழுதச் சொன்னார்கள் உறவினர்கள். நல்லதைத்தான் எழுதுகிறேன். ஆனால் என் பொறாமையைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியவில்லை.

லிட்டில் இந்தியாவில் ஒரு கடைவீட்டு மாடியில் அக்கா பிறந்தார். அம்மா மறைந்தபோது அக்காவுக்குப் பதினாறு வயது, எனக்கு ஐந்து. படிப்பை நிறுத்திவிட்டுத் துணிக்கடையில் வேலைக்குப் போய் என்னைப் பட்டதாரியாக்கினார். திருமணம் செய்துகொள்ளவில்லை. அக்கா எனக்கு மட்டுமே சொந்தம் என்றிருந்தேன்.

அப்பாவின் அடக்கத்துக்குக் கிளமெண்டியிலிருந்து செலின் வந்தார். அப்பாவின் இன்னொரு குடும்பத்து மகள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அக்காவோ அடுத்த தவக்காலத்தில், வெள்ளிதோறும் சிலுவைப்பாதை முடிந்ததும் செலினைப் பார்க்கப் போனார்.

“இறைச்சிய விட்டா மட்டும் போதுமா? கோபத்தையும் விடணும் லா,” என்றார் போனில்.

“அவ அம்மாவாலதான் நம்ம அம்மா அழுதே செத்தாங்க. மறந்துட்டீங்களா?”

“மறக்கல. அந்தப் புள்ள என்ன பண்ணுச்சு? ஆண்டவர் அவள அப்படியா பார்ப்பாரு?”

நான் போனை வைத்துவிட்டேன். அதன்பின் பல ஆண்டுகள், செலினுக்கு அக்கா சேலை எடுத்தார் என்று கேட்டாலே எனக்கு வயிறு எரியும்.

அக்காவுக்குப் புற்றுநோய் முற்றியதும் அவருடைய புக்கிட் பாஞ்சாங் வீட்டில் வந்து தங்கினேன். நான் கொடுத்தால் கஞ்சி வேண்டாம் என்பார். சந்தைக்குப் போய்த் திரும்பினால், செலின் வந்து ஊட்டிவிட்டுப் போயிருப்பார். சமையலறையில் நின்று அழுதிருக்கிறேன்.

தவக்கால வெள்ளி ஒன்றில் ஜன்னல் வழியே பார்த்தேன். தாழ்வாரத்தில் வந்த செலின், வாசலில் என் செருப்பைக் கண்டதும் திரும்பிப் போய், கஞ்சித் தூக்கோடு மின்தூக்கி அருகே நின்றார். நான் வெளியே கிளம்பக் காத்திருக்கிறார்! தலை நரைத்த பெண், வகுப்புக்கு வெளியே நிறுத்திய பிள்ளைபோல் நின்றார். அப்பா செலின் வீட்டுக்கு வாரம் ஒருநாள்தான் போவார். மற்ற நாளெல்லாம் இவர் இப்படித்தான் காத்து நின்றிருப்பாரோ? எனக்காவது அக்கா இருந்தார்.

கதவைத் திறந்தேன்.

“செலின், உள்ள வாங்க. கஞ்சி ஆறிடும்.”

“உங்களுக்குக் கோவம் இல்லையா, சின்னக்கா?”

“இருக்கு. வாங்க.”

எங்கள் இருவரையும் சேர்த்துப் பார்த்து அக்கா சிரித்தார். புனித வாரத்தில் கண்மூடினார்.

மருத்துவர்களுக்கும் செவிலியருக்கும், வீடு தேடி நற்கருணை கொண்டுவந்த பங்குத்தந்தைக்கும், ஜெபமாலை சொன்ன அண்டைவீட்டாருக்கும் எங்கள் நன்றி.

செலினுக்கு: அக்கா கடைசியாக அருந்தியது நீங்கள் ஊட்டிய கஞ்சி. அதை நினைத்தால் எனக்கு இன்றும் பொறாமைதான். அந்தப் பொறாமையோடேயே நன்றி சொல்கிறேன், தங்கச்சி.