பதினோரு மூட்டை புல்

எங்கள் குடியிருப்பில் அவரை எல்லோரும் ‘மைதானம்’ என்றுதான் கூப்பிடுவோம். ஒரு விளையாட்டுக் கழகத்தின் மைதானத்தில் புல்லைப் பராமரிப்பது அவர் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதே புல். “மைதானம் மாடிக்குப் போயிருக்கு, இப்ப வந்துடும்” என்று யாராவது சொன்னால், புதிதாகக் குடிவந்தவர்கள் திருதிருவென விழிப்பார்கள். அவருடைய மச்சான் ஒருவர் வரும்போதெல்லாம், “எங்க மாமா புல்லு புடுங்கியே குடும்பத்தைக் காப்பாத்துறாரு” என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் அன்றைக்கு முழுவதும் சாப்பாடு இறங்காது என்று அவர் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அந்த மனிதருக்கு முதல்முறையாக மரியாதை கிடைத்தது எங்கள் தோட்டத்தில்.

நான்கு கட்டடங்களுக்கு நடுவே, உடைந்த கட்டிலும் டயருமாகக் குப்பை சேர்ந்து கிடந்த இடம் அது. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் வீடு வீடாகக் கதவைத் தட்டி, பதினெட்டுக் குடும்பங்களைச் சேர்த்து, அதைக் காய்கறித் தோட்டமாக மாற்றினார். ஆளுக்கு ஒரு பாத்தி. எல்லோருக்கும் பொதுவாக, பழைய பலகையில் அடித்த மூன்று உரத்தொட்டிகள். மருந்து, ரசாயனம் எதுவும் உள்ளே வரக்கூடாது என்பதுதான் ஒரே சட்டம். சமையலறைத் தோலும் காம்பும் போட்டுப் போட்டு, முதல் வருடம் உரத்தொட்டி நாறியதுதான் மிச்சம். இரண்டாம் மாடிக்காரர்கள் ஜன்னலையே திறக்கவில்லை.

மைதானம்தான் வழி சொன்னார். வெட்டிக் காயவைத்த புல்லை ஸ்கூட்டரில் மூட்டை கட்டிக் கொண்டுவந்தார். ஒரு அடுக்கு தோல், ஒரு அடுக்கு புல். நாற்றம் நின்றது. நாலு மாதத்தில் கறுப்பாக, பொலபொலவென்று உரம் வந்தது. டிரைவர் அண்ணன் அதைக் கையில் அள்ளிக் காட்டி, “இது மைதானம் போட்ட பிச்சை” என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். நாங்கள் கைதட்டினோம். மைதானம் காது வரைக்கும் சிவந்து போனார்.

மறுவருடம் போட்டிகள் தொடங்குவதற்கு முன், கழகத்தின் மைதானத்தில் அகலமான இலைக் களைகள் மண்டிவிட்டன. மேலாளர் புதிதாக ஒரு களைக்கொல்லி வாங்கிக் கொடுத்தார். புல்லை ஒன்றும் செய்யாது, களையை மட்டும் கருக்கிவிடும். ஒரு குடம் தண்ணீருக்கு எத்தனை மூடி என்பதை மட்டும் பார்த்துவிட்டு நம்ம மைதானம் தெளித்தார். பத்து நாள் கழித்து வெட்டினார். பதினோரு மூட்டை புல். அத்தனையையும் எங்கள் உரத்தொட்டிக்குக் கொண்டுவந்து கொட்டினார். வேர்வை சொட்டச் சொட்ட அவர் இறக்கியபோது, நான்தான் ஓடிப்போய்த் தேநீர் கொடுத்தேன்.

நாற்று வளர்ப்பது எப்போதும் தையலக்கா. முதல் கட்டடத்தில் தனியாக இருப்பவர். துணி தைத்த நேரம் போக மீதி நேரத்தில், பால்கனியில் தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்றெல்லாம் வளர்த்து, பாத்திக்குப் பத்து என்று எண்ணிக் கொடுப்பார். பீன்ஸ் விதையும் அவர் சேர்த்து வைத்ததுதான். அந்த முறையும் கொடுத்தார். அந்தப் பதினோரு மூட்டையும் மட்கி வந்த புது உரத்தைப் பரப்பி, நாங்கள் நட்டோம்.

மூன்றே வாரத்தில் எல்லாம் கோணிப் போயின. தக்காளியின் இளந்தளிர் கயிறு முறுக்கினாற்போல் சுருண்டது. பீன்ஸ் இலை உள்ளங்கை மடங்கினாற்போல் குவிந்து, ஒரு சாண் உயரத்தோடு நின்றுவிட்டது. பதினெட்டுப் பாத்தியிலும் இதே கதை. டிரைவர் அண்ணன் பாத்தியில் இருந்த சோளம் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் வளர்ந்து நின்றது. அது ஏன் என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

“நாத்துலயே நோய் இருந்திருக்கு” என்றார் டிரைவர் அண்ணன்.

“இல்லண்ணே. மிச்ச நாத்து என் பால்கனியில நல்லாத்தான் இருக்கு. வந்து பாருங்க” என்றார் தையலக்கா.

யாரும் போகவில்லை. முதல் கட்டடம் முப்பது அடி தூரம். நானும் போகவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள். விதையைப் பழைய டப்பாவில் வைக்கிறார், கை சுத்தமில்லை என்று ஆளுக்கொன்று பேசினோம். பிடுங்கிய செடிகளை யாரோ அவர் வாசலில் குவித்துவிட்டுப் போனார்கள். என் மகளின் சீருடைத் துணியை எப்போதும் அவரிடம்தான் தைக்கக் கொடுப்பேன். அந்த மாதம் வேறு கடைக்குக் கொண்டுபோனேன். தையலக்கா தோட்டத்துக்கு வருவதை நிறுத்தினார்.

இதற்குப் பிறகு நடந்ததை மைதானமே என்னிடம் பின்னால் சொன்னார்.

இரண்டாம் முறை மருந்து தெளிக்கப் புது டப்பாவைத் திறந்தபோது, மூடியோடு ஒட்டியிருந்த மடித்த தாள் கையில் வந்தது. அன்றைக்கு மழைத் தூறல், வேலை இல்லை. அதனால் படித்தார். ‘மருந்து தெளித்த புல்லை மட்க வைத்து உரமாக்கக் கூடாது. தக்காளி, பீன்ஸ் போன்ற செடிகள் பாதிக்கப்படும். சோளம், புல் வகைகளுக்குப் பாதிப்பில்லை.’ சாமான் அறையில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தவர், மழை விட்ட பிறகும் எழுந்திருக்கவில்லை.

ஒருவேளை அப்படி இருக்காது என்று ஒரு நப்பாசை. இரண்டு தொட்டி எடுத்தார். ஒன்றில் வெறும் மண், இன்னொன்றில் எங்கள் உரம். இரண்டிலும் ஆறாறு பீன்ஸ் விதை ஊன்றி, சமையலறை ஜன்னலில் வைத்தார். பதினைந்தாம் நாள் உரம் போட்ட தொட்டியில் முளைத்தது மட்டும் முறுக்கிக்கொண்டது.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அந்த ஞாயிற்றுக்கிழமை தோட்டக்காரர்கள் கூட்டமும் இருந்தது. இனிமேல் நாற்றைக் கடையில்தான் வாங்க வேண்டும், யார் வீட்டிலிருந்தும் வாங்கக்கூடாது என்று டிரைவர் அண்ணன் சொன்னார். சம்மதம் என்றால் கையைத் தூக்கச் சொன்னார். நாங்கள் தூக்கினோம். மைதானமும் தூக்கினார்.

“ஏன் தூக்கினீங்க?” என்று, அவர் இதைச் சொன்னபோது கேட்டேன்.

“எல்லாரும் தூக்கினாங்க. நான் மட்டும் தூக்கலேன்னா ஏன்னு கேப்பாங்களேன்னு பயம்” என்றார். பிறகு அவரே, “அதுகூட முழு உண்மையில்ல. அந்தக் கைதட்டலை விட மனசு வரல” என்றார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது இன்னும் மூன்று வாரம். கண்டுபிடித்தது அவர் மனைவி. ஒரு காலை அடுப்படியில் நின்றபடியே கேட்டிருக்கிறார்.

“இந்த ரெண்டும் ஒரே விதைதானே?”

“ஆமா.”

“ஒரே ஜன்னல், ஒரே தண்ணி. அப்ப ஏன் இது மட்டும் இப்படி இருக்கு?”

மனைவி தொட்டி மண்ணை விரலால் கிளறிப் பார்த்தார். காய்ந்த புல் துணுக்கு ஒன்று மேலே வந்தது.

“எப்போ தெரியும் உங்களுக்கு?”

“ஒரு மாசமாச்சு.”

மனைவி அடுப்பை அணைத்தார். திட்டவில்லை. “நேத்துகூட அந்த அக்கா எதிர்ல வந்தாங்க. நான் முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போனேங்க” என்றார். அதைக் கேட்டபோது தரை பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது, என்றார் மைதானம்.

இரண்டு தொட்டிகளையும் தூக்கிக்கொண்டு தையலக்கா வீட்டுக்குப் போனார். அக்கா கதவைத் திறந்துவிட்டு, மறுபடி மிஷினில் உட்கார்ந்து ஒரு திரைச்சீலைக்கு ஓரம் அடித்துக்கொண்டே கேட்டார். இவர் சொல்லி முடித்த பிறகுதான் கால் நின்றது.

“அன்னிக்குக் கூட்டத்துல கை தூக்கச் சொன்னாங்களாமே. நீங்களும் தூக்கினீங்களா?”

“தூக்கினேங்க்கா.”

அக்கா பால்கனியைப் பார்த்தார். நடாமல் விட்ட தக்காளி நாற்றுகள் பழைய வாளிகளில் இடுப்பளவு வளர்ந்து காய்த்திருந்தன.

“எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? எனக்குத்தான் முன்னாடியே தெரியுமே, என் நாத்துல தப்பில்லேன்னு. எல்லார் முன்னாடியும் என்னைப் பேசினாங்க. எல்லார் முன்னாடியும் போய்ச் சொல்லுங்க.”

“நீங்களும் வாங்கக்கா.”

“நான் எதுக்கு? பாவம்னு ஒரு பார்வை பார்ப்பாங்க. அதையும் நான் தாங்கணுமா?” என்று சொல்லிவிட்டு மிஷினை மிதிக்கத் தொடங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் மைதானம் எழுந்து நின்றார். அந்தத் தாளைப் படித்தார். தொட்டிகளைக் காட்டினார். டிரைவர் அண்ணன் சட்டென்று, “சரி விடுங்க, தெரியாம நடந்ததுதானே” என்றார். எங்களுக்கும் அப்படியே முடிந்துவிட்டால் நல்லது என்றுதான் இருந்தது.

“புல்லைப் போட்டது தெரியாமத்தான்” என்றார் மைதானம். “வாயை மூடிக்கிட்டு இருந்தது தெரிஞ்சேதான்.”

யாரும் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நாங்கள் போகாமல் விட்ட அந்த முப்பது அடி ஒவ்வொருவருக்கும் ஞாபகம் வந்திருக்கும். செடிகளை வாசலில் குவித்தது யார் என்று அன்றைக்கும் ஒருவரும் சொல்லவில்லை. கூட்டம் முடிந்து நாலு பேராக மன்னிப்புக் கேட்கப் போனோம். தையலக்கா வாசலிலேயே நின்று, “வேலை இருக்கு, அப்புறம் பேசலாம்” என்றார். அந்த ‘அப்புறம்’ எனக்கு இன்னும் வரவில்லை.

உரம் முழுவதையும் மைதானமே தோண்டி எடுத்தார். அதே ஸ்கூட்டரில், அதே மாதிரி மூட்டைகளில், கழக மைதானத்துப் புல்லின் மேல் பரப்பினார். மேலாளரிடம் சொல்லி, மருந்து தெளித்த புல் வெளியே போகாதபடி வேலிக்குள்ளேயே குவித்தார். பாத்தி மண்ணில் மிச்சம் இருக்குமே என்று, அந்த வருடம் பதினெட்டுப் பாத்தியிலும் சோளம் மட்டும் போட்டோம். மாதம் ஒருமுறை மண்ணை எடுத்து பீன்ஸ் ஊன்றிப் பார்ப்பதும் அவர் பொறுப்பு. இலை நேராக வந்தது ஒன்பதாவது மாதத்தில்தான்.

தையலக்கா அதற்குப் பிறகு ஒரு நாள் தன் பாத்திக்கு வந்தார். சொந்த நாற்றைக் கொண்டுவந்து நட்டார். எங்கள் யாருக்கும் கொடுக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மைதானம் பக்கத்துப் பாத்தியில் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்.

“குழாயை மூடுங்க, தண்ணி வீணாப் போகுது” என்றார் அக்கா.

அன்றைக்கு வீட்டில் பேசியதற்குப் பிறகு அவர் மைதானத்திடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். மைதானம் ஓடிப்போய்க் குழாயை மூடினார். மூடிவிட்டு, குழாயைப் பிடித்தபடியே நின்றார்.