மலைக்கு வசனம் கிடையாது

இன்று பள்ளி ஆண்டு விழா நாடகத்தில் என் மகள் யாழினிதான் அண்ணாமலை. பழுப்புக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, தலையில் தீபமாக ஒரு குட்டி பல்போடு நிற்க வேண்டும். வசனம் கிடையாது.

அவளுக்கு ஆட்டிசம். திடீர்ச் சத்தம் ஆகாது. போன வருடம் கைதட்டலுக்கு மிரண்டு மேடையை விட்டே ஓடிவிட்டாள்.

அதனால் கீதா மிஸ் மைக்கில் முன்பே சொல்லிவிட்டார். "தயவு செஞ்சு யாரும் கை தட்டாதீங்க. கையைத் தூக்கி ஆட்டுங்க, போதும்."

எல்லோரும் சமர்த்தாகத் தலையாட்டினார்கள். நான் மேடை ஓரத்தில், அவள் கண்ணில் படுகிற மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

பல்பு எரிந்தது.

மலைமேல் தீபம் தெரிந்தால் நம் ஊர்க்காரர்கள் வாய் சும்மா இருக்குமா? மொத்தக் கூட்டமும் எழுந்து, தலைக்குமேல் கை குவித்து, "அண்ணாமலையாருக்கு அரோகரா!" என்று கத்திவிட்டது. சொன்ன சொல் தவறாமல், கை மட்டும் தட்டவில்லை.

எனக்கு உயிரே போய்விட்டது. அவளைத் தூக்கிக்கொள்ள எழுந்துவிட்டேன்.

யாழினி ஓடவில்லை. எங்கள் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டியே இருக்கிறது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி அவள் கேட்டு வளர்ந்த சத்தம் அது. கம்பளிக்குள்ளிருந்து இரண்டு கைகளையும் உயர்த்தி, எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னாள்: "அரோகரா!"

கீதா மிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "மலைக்கு டயலாக்கே இல்லையேம்மா!"

"அடுத்த வருஷம் எழுதிக் குடுத்துடுங்க மிஸ்" என்றேன்.

இப்போதுதான் படபடப்பு அடங்கியிருக்கிறது. தீபம் பார்க்க எத்தனையோ தடவை வந்திருப்பீர்கள். மலையே தனக்கு அரோகரா போட்டு யாராவது கேட்டிருக்கிறீர்களா?