வெளிநாட்டில் உறவினர்: இல்லை

என்னைப் பற்றி விசாரிக்க ஒரு ஆள் எங்கள் ஃப்ளாட்டுக்கு வந்து போனதை எனக்குச் சொன்னது ரொட்டிக்காரர். அக்கம்பக்கத்தில் வேறு ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"தங்கச்சி, என்னா செஞ்சு வச்சிருக்கே? மலாய்க்கார ஆளு ஒருத்தன் மோட்டார்ல வந்தான். கையில ஃபைலு. கீழ் வீட்டு அக்காகிட்ட அரை மணி நேரம் நின்னு பேசிட்டுப் போறான்," என்றார். ரொட்டியைக் கையில் கொடுத்துவிட்டு, "நான் ஒண்ணும் சொல்லலே லா. என்கிட்ட கேக்கவும் இல்லே," என்றார். கேட்காமல் போனது அவருக்கு வருத்தம் போலிருந்தது.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. பினாங்கு ஆயர் ஈத்தாமில் நான்காவது மாடியில் நானும் அப்பாவும் மட்டும். அம்மா நான் பள்ளியில் படிக்கும்போதே இறந்துவிட்டார். இப்போது கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை என்கிறார்களே, அப்போது பிட் ஸ்ட்ரீட், அங்கே ஒரு துணி மொத்த வியாபாரியிடம் பில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். மின்விசிறிக்கு அடியில் முதலாளி உட்கார்ந்திருப்பார். எனக்குப் படிக்கட்டுக்கு அடியில் ஒரு மேசை. லீவு கேட்டால் நாளையிலிருந்து வரவேண்டாம் என்பார்.

அரசாங்கக் கிராணி வேலைக்கு அதற்கு முன் இரண்டு முறை மனுப் போட்டு, பதில்கூட வரவில்லை. மூன்றாவது மனு, நாட்டுக்குள் யார் வருகிறார், யார் போகிறார் என்று பார்க்கும் எல்லைக் காவல் இலாகா ஒன்றுக்கு. பெயர் வேண்டாம். துப்பாக்கி பிடிக்கும் வேலையில்லை. டைப் அடிப்பது, ஃபைல் கட்டுவது, வரும் கடிதத்தைப் பதிவது. மலாய் மொழித்தாளில் நல்ல புள்ளி வேண்டும், இருந்தது. டைப் பரீட்சையில் தேறினேன். நேர்காணலுக்கும் போய்வந்தேன். பிறகு ஒரு பாரம் அனுப்பினார்கள். பிறந்தது முதல் குடியிருந்த வீடுகள், படித்த பள்ளிகள், உறவினர், நண்பர், எல்லாம் எழுத வேண்டும். அந்த இலாகாவில் தேநீர் போடுகிறவனுக்கும் இந்தச் சோதனை உண்டு என்றார்கள். பாரத்தை எழுதித் தபாலில் போட அப்பாவிடம் கொடுத்தேன். நான்கு மாதம் சத்தமே இல்லை.

நான்கு மாதம் கழித்து இந்த மோட்டார் ஆள்.

என் சந்தேகம் நேரே கீழ் வீட்டு அக்காவிடம் போனது. காரணம் இருந்தது. அவருடைய தங்கையும் அதே டைப் பரீட்சை எழுதியவள், எனக்குப் பின் வரிசையில். தேறவில்லை. அதற்கப்புறம் அக்கா என்னைப் பார்த்தால் சிரிப்பது கொஞ்சம் அதிகமாகிவிட்டது. அந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை.

ஞாயிறு காலை பூசை முடிந்து தேவாலயத்திலிருந்து வந்த அக்காவை மார்க்கெட்டில் மீன்காரர் முன்னால் பிடித்தேன்.

"அக்கா, அந்த ஆளுகிட்ட என்னைப் பத்தி என்னா சொன்னீங்க?"

"எந்த ஆளு?"

"நடிக்காதீங்க. மோட்டார்ல வந்தவன்."

"ஓ, அவனா. உனக்கு வாய் ஜாஸ்தின்னு சொன்னேன். இப்ப பாரு, சரியாத்தான் சொல்லியிருக்கேன்."

மீன்காரச் சீனர் சிரித்தார். அவருக்குத் தமிழ் நன்றாகத் தெரியும்.

"உங்க தங்கச்சிக்குக் கிடைக்கலேன்னா எனக்கும் கிடைக்கக் கூடாதா?"

அக்காவின் முகம் மாறியது. கூடையை எடுத்துக்கொண்டார். "உன் வேலைய நீயே கெடுத்துக்குவே. அதுக்கு நான் எதுக்கு?" என்று சொல்லிவிட்டு மீன் வாங்காமலே போனார். அதோடு பேச்சு நின்றது. படிக்கட்டில் நேருக்கு நேர் வந்தால் இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டு போவோம்.

வீட்டில் அப்பாவிடம் கத்தினேன். அப்பா பதினெட்டு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து கப்பல் ஏறி வந்து, இங்கே துறைமுகத்தில் முப்பத்தைந்து வருடம் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் பினாங்குத் தமிழில் கத்துவேன், அவர் யாழ்ப்பாணத் தமிழில் மெதுவாகப் பதில் சொல்வார்.

"விசாரிக்க வந்தது நல்லதுதானே பிள்ளை. விருப்பம் இல்லாட்டி விசாரிப்பாங்களே?" என்றார்.

"இது என்ன கல்யாணப் பேச்சாப்பா?"

"எல்லாம் ஒண்டுதான்," என்றார். அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. ஊரில் எல்லாரையும் சந்தேகப்படுகிற எனக்கு வீட்டுக்குள் பார்க்கத் தெரியவில்லை.

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. டவுனில் உள்ள இலாகா அலுவலகத்துக்கு வந்து ஒரு அதிகாரியைப் பார்க்க வேண்டும். முதலாளியிடம் பல்வலி என்று சொல்லிவிட்டுப் போனேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க மலாய்க்காரர். அறையில் ஏர்கண்டிஷன் குளிர். உட்காரச் சொல்லவில்லை. என் பாரத்தைத் திறந்து ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்.

வெளிநாட்டில் உள்ள உறவினர் என்று ஒரு கட்டம். அதில் நான் என் கையெழுத்தில் 'தியாடா' என்று எழுதியிருந்தேன். மலாயில் 'இல்லை' என்று அர்த்தம். அப்பாவின் யாழ்ப்பாணத்துச் சொந்தங்களில் எனக்கு யாரையும் தெரியாது. ஒருவரையும் கண்ணால் பார்த்ததில்லை. அப்பாவுக்கு வரும் கடிதங்களில் உள்ள பெயர்கள், அவ்வளவுதான். எழுதினால் வம்பு என்றும் தெரியும். அங்கே சண்டை தொடங்கியிருந்த காலம். அதனால் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டேன். உண்மையைச் சொல்வதென்றால், அது பொய்.

அதிகாரி பாரத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். அதற்குப் பின்னால் மூன்று தாள் குத்தப்பட்டிருந்தது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, நீல மையில், ஊற்றுப்பேனாவால் எழுதிய பட்டியல். எண், பெயர், வயது, முறை, உத்தியோகம், விலாசம். நாற்பத்தியொரு பேர். அந்தக் கையெழுத்தை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும். என் பள்ளி ரிப்போர்ட் கார்டு முழுக்க அந்தக் கையெழுத்துதான்.

"இந்த இரண்டில் எது பொய்?" என்று அதிகாரி மலாயில் கேட்டார்.

நான் அந்த நீல மைத் தாள்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இந்தத் தாளை நீ வைக்கவில்லையென்றால் அதை எழுதிக் கொடு. யார் வைத்தார் என்றும் எழுது. எடுத்துவிடலாம்," என்றார். குரல் நன்றாக, மிருதுவாக இருந்தது. அதனாலேயே நான் நம்பவில்லை. எழுதிக் கொடுத்தால் அப்பா மேல் ஒரு ஃபைல் திறப்பார்கள் என்று மனதில் ஓடியது.

"தாள் சரி. நான் எழுதினதுதான் தப்பு," என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். சிவப்புப் பென்சில் எடுத்துப் பட்டியலில் இளைஞர்களாகத் தெரிந்த ஐந்து பேருக்கு முன்னால் கோடு போட்டார். அந்த ஐந்தையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார். இவர்கள் இப்போது எங்கே, என்ன செய்கிறார்கள், இரண்டு வாரத்தில் டைப் அடித்துக் கொண்டு வரவேண்டும்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமலே கேட்டேன்.

"அந்த லிஸ்ட்ட யாரு வைக்கச் சொன்னா உங்கள?"

அப்பா பேப்பரை மடித்தார். "நீதானே பாரத்தை அத்தாட்சிப்படுத்தி ரெஜிஸ்டர் தபாலிலை போடச் சொல்லி என்னட்டைத் தந்தனி. பார்த்தன். 'இல்லை' எண்டு போட்டிருக்கிறாய். எனக்குத் துக்கமாப் போச்சு பிள்ளை. நாற்பத்தியொரு சனம் இருக்கு. இடம் போதாட்டி வேறை தாளிலை எழுதி இணைக்கவும் எண்டு அவங்களே அடியிலை போட்டிருக்கிறாங்கள்."

"வைக்கிறதுக்கு முன்னால என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"சொன்னா விடுவியே? டொக்குத்தர் ரெண்டு பேர், எஞ்சினியர், தலைமை வாத்தியார்... நல்ல குடும்பம் எண்டு தெரியட்டும் எண்டுதான் வைச்சனான்."

எங்கள் ஆட்களின் புத்தி இதுதான். சம்பந்தம் பேசும்போது மூன்று தலைமுறைக்கு யார் என்ன உத்தியோகம் என்று கேட்டுக் கேட்டுப் பழகியவர்கள். விசாரணை என்றால் அவர்களுக்கு அது ஒன்றுதான். போலீஸ் கேட்டாலும் சித்தப்பா ஸ்டேஷன் மாஸ்டர் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார்கள். அவ்வளவு கோபத்திலும் எனக்கு ஒன்று உறைத்தது: முப்பத்தைந்து வருடம் ஒரு கட்டத்தையும் காலியாக விடாத மனிதரிடம் பாரத்தைக் கொடுத்தது நான்.

அப்பா பிஸ்கட் டின்னை இறக்கினார். உள்ளே ஏரோகிராம்கள், வருடவாரியாக நூல் போட்டுக் கட்டியிருந்தார். நான் டைப் மெஷினுக்கு முன் உட்கார்ந்தேன். அவர் கடிதத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்ல அடித்தேன். முதல் ஆள் லண்டனில், பெட்ரோல் நிலையத்தில் வேலை. இரண்டாவது கனடா. மூன்றாவது கொழும்பில் வங்கிக் கிராணி. நான்காவது ஊரிலேயே வாத்தியார், போன மாதம் குழந்தை பிறந்திருக்கிறது. எல்லாம் மளமளவென்று போனது.

ஐந்தாவது, அப்பாவின் கடைசித் தங்கையான மாமியின் மகன். தபால் கந்தோரில் கிராணி. என் வயது.

அப்பா ஒரு கட்டைப் பிரித்தார். மூடினார். வேறு கட்டைப் பிரித்தார்.

"என்னப்பா?"

"மாமி எழுதிப் பதினாலு மாசம் ஆச்சுது."

"கடைசிக் கடிதத்துல என்ன இருக்கு?"

"வேலைக்குப் போனவன் வரேல்லை, தேடிக்கொண்டிருக்கிறம் எண்டு எழுதியிருந்தவள். நான் ரெண்டு கடிதம் போட்டனான். பதில் இல்லை."

பதினான்கு மாதமாக இதை என்னிடம் சொல்லவில்லை. அந்தப் பெயரையும் சேர்த்து, உத்தியோகத்தோடு, அழகாக எழுதி அனுப்பியிருக்கிறார்.

"தெரியாதுன்னு போடுறேன்," என்றேன்.

"வேண்டாம். வீட்டிலை இருக்கிறான் எண்டு போடு."

"அது பொய்யப்பா."

"நீ பாரத்திலை 'இல்லை' எண்டு எழுதேல்லையே? அது மட்டும் என்ன?"

"அதுக்குத்தான இப்ப மாட்டிக்கிட்டு நிக்கிறேன்! இதையும் எழுதினா வேலை போச்சு."

"வேலைக்கில்லை பிள்ளை," என்றார். டின்னின் மூடியைத் துடைத்தார், அதில் தூசி இல்லை. "அவன் இருக்கிறானோ தெரியாது எண்டு நாங்களே எழுதிக் கையெழுத்துப் போடுறதே?"

தாளை நேராக்கினேன். பிறகு 'தெரியாது' என்று மலாயில் அடித்தேன். அப்பா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

அதிகாரி தாளைப் படித்தார். ஐந்தாவது வரியில் விரலை வைத்தார்.

"தெரியாது என்றால்?"

"வேலைக்குப் போனவர் வீட்டுக்கு வரவில்லை. எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். உங்களுக்கு ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள். என் அப்பா கேட்டுக்கொண்டிருக்கிறார்."

இந்தப் பேச்சோடு வேலை போனது என்று நினைத்தேன். அவர் ஃபைலைப் புரட்டி வேறு ஏதோ பார்த்தார். "உன் கீழ் வீட்டுக்காரி உன்னைக் கோபக்காரி என்கிறாள். ஆனால் இவளை யாரும் விலைக்கு வாங்க முடியாது என்றும் சொல்லியிருக்கிறாள்," என்றார். பாராட்டாகச் சொன்னாரா, நக்கலா, தெரியவில்லை. போகச் சொன்னார்.

ஒரு மாதத்தில் நியமனக் கடிதம் வந்தது. எதனால் கிடைத்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உண்மை பேசியதால் என்று நம்புகிற அளவுக்கு நான் ஏமாளி இல்லை. பக்கத்தில் வைத்துக்கொண்டால் இவளைக் கவனிக்கலாம் என்று நினைத்திருக்கலாம். கீழ் வீட்டு அக்காவிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அடுத்த தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போய்வந்து, பிரசாதம் என்று சொல்லாமல் வாழைப்பழம் ஒரு சீப்பு கொடுத்தேன். "என்னா, விஷமா?" என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

இலாகாவில் என் முதல் வேலை, வருகிற பாரங்களில் காலியாக விட்ட கட்டங்களைத் தேடிப் பென்சிலால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவது. நன்றாகச் செய்தேன்.

வேலைக்குச் சேர்ந்த அன்று மாலை அப்பா வாசலிலேயே நின்றார். சம்பளம், லீவு, பென்ஷன் எதுவும் கேட்கவில்லை.

"ஏதும் தெரிஞ்சுதே?" என்றார்.

மாமி மகனைத்தான் கேட்கிறார் என்று எனக்கு உடனே புரியவில்லை. நான் இப்போது உள்ளே இருப்பவள். யார் எங்கே போனார் என்று பார்க்கிற கந்தோர். அங்கே இல்லாத தகவலா என்பது அவர் கணக்கு.

"இல்லப்பா. அந்த மாதிரி ஃபைலு எல்லாம் பூட்டுன பீரோவுல இருக்கு. எங்ககிட்ட சாவி கொடுக்க மாட்டாங்க."

"பரவாயில்லை. புதுசுதானே. பிறகு தருவாங்கள்," என்றார்.

ஒன்பது வருடம் அங்கே இருந்தேன், பதவி உயர்வும் வந்தது. அந்தப் பீரோ என் மேசையிலிருந்து ஆறு அடி தூரம். அதற்குள் என் ஃபைல் இருந்தது, அதில் ஐந்தாவது வரிக்குப் பக்கத்தில் யாராவது ஏதாவது எழுதியிருப்பார்கள் என்ற சந்தேகம் எனக்கு ஒரு நாளும் போகவில்லை. அப்பா சாகும்வரை, நான் பஸ்ஸிலிருந்து இறங்கி மாடி ஏறியதும், அதே கேள்வியைக் கேட்டார். நானும் அதே பதிலைச் சொன்னேன்.